பல் மருத்துவரிடம் போகப் பயப்படுகிறவர்களுக்கு: முதல் போன் அழைப்பிலிருந்து சிகிச்சை முடியும் வரை

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம் ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிட்டு, பெயர் கூப்பிடும் நேரத்தில் எழுந்து போய்விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் பின்னர் திரும்பி வந்து முழுச் சிகிச்சையும் முடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு உதவியது வரிசையை மாற்றியதுதான்: முதலில் பேச்சு, அடுத்து வாயைக் காட்டுவது, அதற்கடுத்து ஒரு சிறிய வேலை, கடைசியில்தான் ஊசியும் பெரிய வேலையும்.

வலி தாங்க முடியாமல் ஓடி வருகிறவருக்கு இந்த நான்கும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் வந்து விழுகின்றன. அவற்றைத் தனித்தனி நாட்களாகப் பிரித்து வைப்பதுதான் இங்கே நோக்கம். அதனால் வலி இல்லாத நாளிலேயே தொடங்குங்கள்.

1. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

முகத்திலோ தாடைக்குக் கீழோ வீக்கம் பரவுவது, வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம், வீக்கத்தோடு காய்ச்சல்: இவற்றில் எது இருந்தாலும் கீழே உள்ள படிகள் உங்களுக்கானவை அல்ல. உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ போங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். பல்லில் தொடங்கிய தொற்று கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுப் பாதையையே அடைக்கும்.

2. பயம் எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

"எனக்குப் பயம்" என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் அதிகம் செய்ய முடியாது. எதில் பயம் என்று தெரிந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியும். இதற்கென்றே ஐந்து கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்று 1995 முதல் உலகெங்கும் பயன்படுகிறது. தமிழிலும் சோதித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நாளை பல் மருத்துவரிடம் போக வேண்டும், காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறேன், பல்லைத் துளைக்கப் போகிறார்கள், பல்லைச் சுத்தம் செய்யப் போகிறார்கள், ஈறில் ஊசி போடப் போகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பயமே இல்லை என்றால் 1, மிக அதிகப் பயம் என்றால் 5. கூட்டிப் பாருங்கள். 19-ம் அதற்கு மேலும் கடுமையான பயம். அப்படி வந்தால் 11-ஆம் படியையும் முதலிலேயே படித்துவிடுங்கள்.

அடுத்து, உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். சிலருக்கு ஊசியையோ ரத்தத்தையோ கண்டால் தலை சுற்றி மயக்கம் வரும். இந்த இரு வகையினருக்கும் பயிற்சி நேர் எதிரானது. 6-ஆம் படியில் சொல்கிறேன். வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடி பட்டாலே குமட்டல் வருகிறவர்கள் மூன்றாவது வகை.

வெட்கத்தால் வராதவர்களும் உண்டு. வெற்றிலை, புகையிலைக் கறை படிந்த பல்லைக் காட்டினால் மருத்துவர் திட்டுவார் என்று நினைத்து, ஈறு வீங்கிப் பல் ஆடும்வரை வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உங்களுடையதைவிட மோசமான வாயை மருத்துவர் அன்று காலையே பார்த்திருப்பார். வெட்கம் இருந்தால் அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள்.

கேட்ட கதைகள் கடைசி வகை. நம் மாவட்டத்தில் ஓயாமல் வரும் இரண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போகாது. பல்லுக்கு உணர்ச்சி தருவது ஐந்தாம் மூளை நரம்பு. பார்வைக்கு இரண்டாம் மூளை நரம்பு. இரண்டும் வேறு வேறு. சுத்தம் செய்வதால் பல் ஆடாது. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு, பல்லில் படியும் காரையால் ஏற்கெனவே கரைந்திருக்கும்; கட்டியாக இறுகிய காரை அந்த ஆட்டத்தை மறைத்து வைத்திருக்கும். அதை அகற்றும்போது உண்மை நிலை தெரிகிறது. அகற்றாவிட்டால் எலும்பு மேலும் கரையும்.

3. அருகில் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பயம் உள்ளவர்கள் பலர் "போவது போவது, பெரிய இடமாகப் போவோம்" என்று திருவனந்தபுரத்துக்குக் கிளம்புகிறார்கள். சிக்கலான அறுவைச் சிகிச்சைக்கு அது சரி. முதல் படிக்கு வேண்டாம். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பயம் கூடுகிறது. நான்கு முறை போக வேண்டிய சிகிச்சையில் இரண்டாம் முறையே நின்றுவிடுகிறார்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடம் போதும்.

செலவு தடையாக இருந்தால் வழி இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்திலும் தாலுகா அளவிலான அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவப் பிரிவைக் காலையில் போய்க் கேளுங்கள். குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் ஆசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள்; கட்டணம் குறைவாக இருக்கும், நேரம் கூடுதலாக ஆகும். ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியரிடம் காட்டிவிட்டுத் தொடர்வதால் இடையிடையே ஓய்வு கிடைக்கும். சிலருக்கு அதுவே பிடிக்கிறது. நாற்காலியில் நீண்ட நேரம் சாய்ந்திருப்பதே பயம் என்பவர்களுக்குத் தனியார் மருத்துவமனையின் குறுகிய சந்திப்பு பொருந்தும்.

நேரில் போகும் முன் போன் செய்து இப்படிக் கேளுங்கள்: "எனக்குப் பல் சிகிச்சை என்றால் அதிகப் பயம். முதல் நாள் எந்தச் சிகிச்சையும் வேண்டாம், பார்த்துவிட்டுப் பேச மட்டும் வர வேண்டும். கூட்டம் குறைந்த நேரம் எது?" பதில் சொல்லும் விதத்திலேயே அந்த இடம் தெரிந்துவிடும். "வாங்க பார்த்துக்கொள்ளலாம்" என்று அவசரமாக வைத்துவிட்டால் வேறு இடத்தை அழையுங்கள்.

4. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

காலை நேரத்தைக் கேளுங்கள். மாலை ஆறு மணிக்கு நேரம் வாங்கினால் அன்று பகல் முழுவதும் அதே நினைப்பாக இருக்கும்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு வந்து மயங்குகிறவர்கள்தான் அதிகம். இட்லியோ அவித்த ஏத்தன்பழமோ போதும். வயிறு முட்டவும் வேண்டாம், குமட்டல் வரும். மயக்க மருந்து கொடுக்கப் போவதாக மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்ன நேரத்திலிருந்து சாப்பிடக் கூடாது. கட்டன் சாயாவையும் காப்பியையும் அன்று குறையுங்கள். அவை படபடப்பைக் கூட்டும்.

வழக்கமான மாத்திரைகளை விட்டுவிடாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளின் சீட்டுகளைப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைப் பல் எடுக்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்துவது ஆபத்து. அதைப் பல் மருத்துவரும் அந்த மாத்திரையை எழுதித் தந்த மருத்துவரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஊசியாலோ மாத்திரையாலோ முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள்.

தைரியத்துக்கு மது குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. குடித்திருந்தால் மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவார். மதுவுக்கும் மருந்துகளுக்கும் ஒத்துப்போகாது, ரத்தக்கசிவும் கூடலாம்.

துணைக்கு ஒருவரை அழைத்து வாருங்கள். ஆளைத் தேர்வதில் கவனம் வேண்டும். "எனக்குப் பல் எடுத்தபோது உயிரே போய்விட்டது" என்று காத்திருக்கும் அறையில் கதை சொல்லும் அத்தையை விட்டுவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கையை அழைத்து வாருங்கள்.

5. முதல் சந்திப்பு: பார்க்க மட்டும்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, பெரும்பாலும் தவறுவதும் இங்கேதான். முதல் நாள் சிகிச்சை எதுவும் செய்துகொள்ளாதீர்கள். மருத்துவர் நல்ல எண்ணத்தில் "சின்ன வேலைதான், இன்றே முடித்துவிடலாமே" என்று கேட்பார். "அடுத்த முறை, டாக்டர்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே நடந்தது என்பதை உங்கள் மனம் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பார்க்க மட்டும் என்று வந்தவருக்கு அன்றே ஊசி போட்டால், அந்த நிமிடம் தாங்கிக்கொள்வார். அடுத்த முறை வரமாட்டார்.

நாற்காலியில் ஏறும் முன், பக்கத்தில் உள்ள சாதாரண இருக்கையில் உட்கார்ந்து பேசுங்கள். வாயைத் திறந்த பிறகு பேச முடியாது. சாய்ந்து படுத்த பிறகு கேட்கும் தைரியமும் வராது. நீங்கள் எழுதி வைத்த தாளை அப்படியே நீட்டிவிடலாம். பேச நா எழாதவர்கள் பலர் அதைத்தான் செய்கிறார்கள், மருத்துவருக்கும் அது வசதி.

அன்றே மூன்று விஷயங்களைப் பேசி முடிவு செய்யுங்கள். முதலாவது, கை அடையாளம்: இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும். இரண்டாவது, எதைச் செய்யும் முன்னும் என்ன செய்யப் போகிறார் என்று சொல்ல வேண்டுமா, அல்லது சொல்லாமல் இருப்பது நல்லதா என்பது. ஆளுக்கு ஆள் இது மாறும். கருவியின் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது, என்னென்ன வேலை, எந்த வரிசையில், எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குவது. செலவு தெரியாத கவலையும் பயத்தோடு சேர்ந்துகொள்கிறது. எழுத்தில் வந்துவிட்டால் அதை மட்டுமாவது இறக்கி வைத்துவிடலாம்.

பின்னர் நாற்காலியில் ஏறி, சாய்க்காமல் உட்கார்ந்து, கண்ணாடியால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுப்பதானால் எடுக்கலாம், வலிக்காது. குமட்டல் வருகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். ஒரு காலைச் சற்றுத் தூக்கி வைத்துக்கொண்டு கவனம் முழுவதையும் அந்தக் காலில் வையுங்கள்.

6. இடைப்பட்ட நாட்களில் வீட்டில் செய்யும் பயிற்சி

படபடப்பு வருகிறவர்களுக்கு: மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிவிடுவது நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். நாள்தோறும் இருமுறை, ஐந்து நிமிடம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டே மூக்கால் மூச்சு விடவும் பழகுங்கள். நாற்காலியில் அப்படித்தான் இருக்க வேண்டியிருக்கும்.

மயக்கம் வருகிறவர்கள் தளர்த்தும் பயிற்சியைச் செய்தால் மயக்கம் விரைந்து வரும். அவர்களுக்கு ஊசியைக் கண்டதும் ரத்த அழுத்தம் இறங்குவதுதான் சிக்கல். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கிப் பிடியுங்கள். முகம் சூடாவது தெரியும். பிறகு இயல்பு நிலைக்கு விடுங்கள், முழுவதும் தளர வேண்டாம். அரை நிமிடம் கழித்து மீண்டும். ஐந்து முறை. இது அழுத்தத்தை ஏற்றி வைக்கும். நாற்காலியில் செய்யும்போது தலையையும் தாடையையும் அசைக்காமல் கையையும் காலையும் மட்டும் இறுக்குங்கள். கர்ப்பிணிகளும் இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே செய்ய வேண்டும்.

மருத்துவமனை வாசமே பயம் தருகிறது என்பவர்களுக்கு ஒன்று. அந்த வாசத்தில் பெரும்பங்கு யூஜினால். அதாவது கிராம்பு எண்ணெயில் உள்ள முக்கியப் பொருள். தற்காலிகமாகப் பல் அடைக்கும் கலவையில் துத்தநாக ஆக்சைடோடு அதைச் சேர்க்கிறார்கள். மாறாமலைச் சரிவுகளில் விளைந்து நம் சந்தைக்கு வரும் அதே கிராம்புதான். சில நாட்கள் நான்கு கிராம்பை நசுக்கி முகர்ந்துகொண்டே மூச்சுப் பயிற்சி செய்யுங்கள். அந்த வாசம் நாற்காலியை மட்டும் நினைவூட்டுவது மெல்லக் குறையும்.

7. முதல் சிகிச்சையாகச் சிறியதைக் கேளுங்கள்

அவசரமான பல் ஏதும் இல்லை என்று மருத்துவர் சொன்னால், பல் சுத்தம் செய்வதில் தொடங்குங்கள். பெரும்பாலும் ஊசி தேவைப்படாது, எந்த நேரமும் பாதியில் நிறுத்தலாம். கருவியின் முனை நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்ந்து காரையை உதிர்க்கும். தண்ணீர் பீய்ச்சும், கீச்சென்று சத்தம் வரும், பல் கூசலாம். முதலில் விரல் நகத்தில் அந்த முனையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தெரியாத சத்தத்தைவிடத் தொட்டுப் பார்த்த சத்தம் குறைவாகவே மிரட்டும்.

அன்று கை அடையாளத்தை ஒருமுறை வேண்டுமென்றே பயன்படுத்துங்கள். வலி இல்லாதபோதே இடது கையைத் தூக்குங்கள். மருத்துவர் நிறுத்துகிறாரா என்று பாருங்கள். நிறுத்தினால், ஊசி நாளில் அந்தக் கையை நம்பலாம். நிறுத்தாவிட்டால் பெரிய வேலைக்கு அவரிடம் போக வேண்டாம்.

8. ஊசி நாள்

நான்கு விஷயங்கள் தெரிந்திருந்தால் இந்த நாளின் பாதிப் பயம் போய்விடும்.

ஊசிக்கு முன் அந்த இடத்தில் மரப்பு ஜெல்லோ ஸ்பிரேயோ போடச் சொல்லுங்கள். ஜெல் வேலை செய்ய ஓரிரு நிமிடம் ஆகும். தடவிய உடனே குத்தினால் பயனில்லை. மருந்தை மெதுவாகச் செலுத்தினால் அழுத்தமும் வலியும் குறைவு. "மெதுவாகப் போடுங்கள், டாக்டர்" என்று கேட்பதில் தவறே இல்லை.

மருந்து உள்ளே போனதும் சிலருக்கு இதயம் வேகமாக அடிக்கும். "பயத்தில் நெஞ்சு வலி வந்துவிட்டது" என்று எழுந்து ஓடியவர்கள் உண்டு. மரப்பு மருந்தான லிக்னோகெயினோடு பெரும்பாலும் சிறிதளவு அட்ரினலின் கலந்திருக்கும். மரப்பு நீடிக்கவும் ரத்தக்கசிவு குறையவும் அது வேண்டும். அந்தப் படபடப்பு சில நிமிடங்களில் தணிந்துவிடும். இதய மாத்திரைச் சீட்டை எடுத்து வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, காத்திருத்தல். மேல்தாடை சீக்கிரம் மரத்துவிடும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு நரம்பின் அருகில் போடுவதால் ஐந்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். கீழ் உதட்டில் பாதி தடித்துப் போனதுபோல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் "இன்னும் மரக்கவில்லை" என்று சொல்லிவிடுங்கள். மரியாதைக்காக மௌனமாக இருப்பது இங்கே பெரிய தவறு. மருத்துவர் இன்னும் காத்திருப்பார், அல்லது கூடுதலாகப் போடுவார்.

நான்காவது: மரப்பு வலியை மட்டும் எடுக்கும். அழுத்துவது, இழுப்பது, அதிர்வது, சத்தம் எல்லாம் தெரியும். பல் எடுக்கும்போது "ஏதோ தெரிகிறதே, மரக்கவில்லையோ" என்ற திகில் இதனால்தான் வருகிறது. அழுத்தமா, கூர்மையான வலியா என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள். கூர்மையாக இருந்தால் கையைத் தூக்குங்கள்.

வலி முற்றிய பிறகு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்தச் சூழலில் மரப்பு மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. "எனக்கு ஊசி போட்டாலும் மரக்காது, முன்பு உயிர் போகிற வலி" என்று சொல்கிறவர்களில் பலர் அப்படிப்பட்ட நாளில் சிகிச்சை செய்துகொண்டவர்கள். பல வாரம் மெடிக்கல் ஷாப் மாத்திரையில் ஓட்டிவிட்டு வந்தால் இதே நிலைதான். வலி மாத்திரை வலியைத் தள்ளிப்போடும், சொத்தை அங்கேயே இருக்கும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைப்பது அந்த இடத்தைப் புண்ணாக்கும். அதைச் செய்யவே வேண்டாம்.

9. நாற்காலியில் இருக்கும்போது

கண்ணை மூடிக்கொள்வதா, திறந்திருப்பதா என்பது உங்கள் விருப்பம். காதில் பாட்டு கேட்கலாம். ஒரு காதில் மட்டும் வையுங்கள், மருத்துவர் சொல்வது கேட்க வேண்டும். பல் துளைக்கும் கருவி நிமிடத்துக்கு 3 லட்சம் முறைக்கு மேல் சுற்றுவதால்தான் அந்தக் கூர்மையான சத்தம் வருகிறது. பல் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும். வாயில் தண்ணீர் நிறைந்தால் விழுங்கத் தவிக்க வேண்டாம், கையைத் தூக்கினால் உறிஞ்சிவிடுவோம். சாய்த்துப் படுக்க வைப்பது பிடிக்கவில்லை என்றால் பாதி சாய்த்தபடியும் பல வேலைகளைச் செய்யலாம்.

10. வீட்டுக்குப் போன பிறகு

உதட்டு மரப்பு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் இருக்கும். அதுவரை சூடான சாயா வேண்டாம், எதையும் மெல்ல வேண்டாம். உதட்டைக் கடித்தாலும் தெரியாது.

பல் எடுத்திருந்தால் பஞ்சை மருத்துவர் சொன்ன நேரம் கடித்திருங்கள். 24 மணி நேரத்துக்குத் துப்புவது, பலமாகக் கொப்பளிப்பது, ஸ்டிராவில் உறிஞ்சுவது, பீடி சிகரெட் எதுவும் கூடாது. குழியில் உறைந்த ரத்தம்தான் புண்ணை மூடி வைத்திருக்கிறது. அது பெயர்ந்தால் சில நாட்களில் கடும் வலி தொடங்கும். அப்படி வலித்தால் சிகிச்சை கெட்டுவிட்டது என்று பயந்து ஒளிந்துகொள்ளாமல் திரும்பி வாருங்கள். மருந்து வைத்தால் தணியும். அன்று ஆறிய கஞ்சி போதும். எரிப்பான மீன் குழம்பும் ஏத்தங்காய் சிப்ஸும் சில நாள் பொறுக்கட்டும்.

11. இவ்வளவு செய்தும் முடியவில்லை என்றால்

சில மருத்துவமனைகளில் நைட்ரஸ் ஆக்சைடு வாயு கொடுத்து மனத்தைத் தளர்த்துவார்கள்; நீங்கள் விழித்தே இருப்பீர்கள். மருத்துவர் எழுதித் தரும் தூக்க வகை மாத்திரையும் உண்டு. துணைக்கு ஆள் கட்டாயம், அன்று பைக் ஓட்டக் கூடாது. வீட்டில் யாரோ சாப்பிடும் தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு வராதீர்கள். முழு மயக்கத்தில் செய்வது பெரிய மருத்துவமனைகளில் சாத்தியம்.

பயம் 19-ஓ அதற்கு மேலோ இருந்து, நாள் குறித்தாலே தூக்கம் போகிறது என்றால் மனநல ஆலோசகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழில் இலவசமாகப் பேசலாம், எந்த நேரத்திலும்.

12. குழந்தையை அழைத்து வரும்போது

"சோறு உண்ணாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடுவேன்" என்று வீட்டில் மிரட்டாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்று உறுதியும் கொடுக்காதீர்கள். சிறிது வலித்தாலும் அடுத்த முறை உங்களை நம்பாது. "டாக்டர் பல்லை எண்ணிப் பார்ப்பார்" என்பது போதும். முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை காட்டிவிட்டால், ஊசி இல்லாத நாற்காலியே அதற்கு முதல் அறிமுகமாக இருக்கும்.

13. அடுத்த தேதியை வாங்காமல் வெளியே போகாதீர்கள்

ரூட் கேனல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வர வேண்டும். வலி நின்றதும் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் பலர். சில மாதங்களில் அதே பல் உடைந்தோ சீழ் பிடித்தோ திரும்ப வரும், பயமும் முதலிலிருந்து தொடங்கும். எல்லாம் முடிந்தவர்கள் எப்போது மீண்டும் காட்ட வேண்டும் என்று கேட்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ, அந்தத் தேதியை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி நீண்டால் பயம் மீண்டும் ஊறுகிறது.

குறித்த நாளில் வர முடியாமல் போனால் மறுநாளே போன் செய்து, 5-ஆம் படியில் சொன்ன பேச்சு மட்டுமான சந்திப்பையே மீண்டும் கேளுங்கள். போன் எடுக்கும் நாங்கள் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டோம்; அடுத்து எந்த நேரம் காலியாக இருக்கிறது என்றுதான் பார்ப்போம்.